வரிசையும் நடுவுநிலைமையும்

பலர் விரும்பும் பொருள் ஒன்று சிலர்க்கே போதுமானதாய் இருக்குமிடத்து, அதனை முதலிற் பெறுவோர் யார் என்னும் வினா எழுகின்றது. வலியவன் முந்துதல் விலங்கின் நெறி. வந்த முறையே ஒருவர்பின் ஒருவராய் நின்று பெறுதல் மாந்தர் கண்ட நெறி. இதனையே வரிசை என்பர். வரிசையில் நிற்பவன் தனக்கு முன்னிற்பவனது உரிமையை ஒப்புக்கொள்கின்றான். தனக்குப் பின்னிற்பவன் தன் உரிமையை ஒப்புக்கொள்வான் என்று நம்புகின்றான். காவலர் எவரும் இல்லாத இடத்தும் ஓர் ஒழுங்கு நிலைபெறுவது இந்நம்பிக்கையினாலேயாம். இந்நம்பிக்கை குலையாதிருத்தற்கு, வரிசையின் விதி யாவர்க்கும் ஒன்றாயும் யாவரும் அறிந்ததாயும் இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை ஆராய்தற்கு அமெரிக்க நாட்டின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் ஏற்ற இடங்களாகும். அவை சிறுவரும் பெரியோரும் கூடிக் களிக்கும் இடங்களேயாயினும், அங்கு வரிசையை நடத்துதற்குப் பற்பல முறைகள் கையாளப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையிலும் நன்மை பெற்றவர் உளர், இழப்புற்றவரும் உளர். அவற்றை முறையே நோக்கின், ஒரு விதி நேர்மையானது என்பதை எவ்வாறு அறிவது என்பது விளங்கும்.

கலிபோர்னியா மாநிலத்து அனாஹைம் நகரில், 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள், டிஸ்னிலாந்து என்னும் பூங்கா திறக்கப்பெற்றது. கார்ட்டூன் படங்களால் உலகப் புகழ் எய்திய வால்ட் டிஸ்னி என்பவரே அதனை அமைத்தவர். தண்டவாளத்தின்மேல் ஏறியும் இறங்கியும் விரையும் வண்டிகள், இருண்ட குகையினூடே மிதந்து செல்லும் படகுகள், சுழலும் கிண்ணங்கள் எனப் பலவகை விளையாட்டு ஊர்திகள் இத்தகைய பூங்காக்களில் உள்ளன. தொடக்க காலத்தில் டிஸ்னிலாந்தின் வாயிலிற் செலுத்தும் கட்டணம் உள்ளே நுழைவதற்கு மட்டுமே உரியது. ஊர்திகளில் ஏறுவதற்குத் தனிச்சீட்டு வேண்டும். அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே ஏ, பி, சி என எழுத்திட்ட சீட்டுகளைக் கொண்ட சிறு புத்தகங்கள் விற்கப்பட்டன. 1959-ஆம் ஆண்டில், மிகச் சிறந்த ஊர்திகளுக்கென 'ஈ' என்னும் எழுத்துச் சீட்டு ஏற்பட்டது. ஒரு புத்தகத்தில் இத்தகைய உயர்ந்த சீட்டுகள் சிலவே இருந்தன. ஆதலின், ஒருவரே மீண்டும் மீண்டும் அவ்வூர்திகளில் ஏறுதல் ஓரளவு தடைப்பட்டது. பங்கீட்டுக் கடையில் அரிசி அளந்து தரப்படுவதுபோல, அங்கே களிப்பும் அளந்து தரப்பட்டது எனலாம்.

1982-ஆம் ஆண்டில் இச்சீட்டுப் புத்தக முறை கைவிடப்பட்டது. வாயிலில் ஒரே கட்டணம் செலுத்தியவர் எல்லா ஊர்திகளிலும் எத்துணை முறையேனும் ஏறலாம் என்னும் விதி வந்தது. இது பெரிய சலுகைபோலத் தோன்றும். ஆயினும் ஊர்தியின் இருக்கைகள் இதனாற் பெருகவில்லை. சீட்டுக்குரிய விலை நீங்கியதும், வேறொரு விலை அதனிடத்தில் வந்து நின்றது. அவ்விலை காத்திருக்கும் நேரமேயாம். பணம் கொடுத்துப் பெற்றதனைப் பொழுது கொடுத்துப் பெறலாயினர். கூட்டம் மிக்க நாளில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓர் ஊர்திப் பயணத்திற்காக ஒரு மணி, இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்றுதற்கு 1999-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறை கண்டனர். புளோரிடா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் பெரும்பரப்பில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் ஃபாஸ்ட்பாஸ். தமிழில் விரைவுச் சீட்டு எனலாம். ஊர்தியின் அருகில் ஒரு பொறி நிறுத்தப்பட்டிருக்கும். பூங்காவின் நுழைவுச் சீட்டை அதனுட் செலுத்தினால், பின்னர் எந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து ஏறலாம் என்பதைக் குறித்த தாள் ஒன்று வெளிவரும். அதனைப் பெற்றவர் வேறிடங்களை உலவிப் பார்த்துவிட்டுக் குறித்த நேரத்தில் வந்து, தனிவழியாற் புகுந்து, சிறிது நேரமே நின்று ஏறிவிடலாம். இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. பூங்காவினுள் வந்த எவரும் பொறியை அணுகித் தாளைப் பெறலாம். ஒரு தாளைப் பெற்றவர் மற்றொன்றை உடனே பெற இயலாது. குறித்த அளவு நேரம் கழிய வேண்டும். ஒருவரே பல தாள்களைக் குவித்துக்கொள்ளாதவாறு இவ்விதி காத்தது.

இம்முறையால் உண்மையில் விளைந்தது யாது என்பதைக் கணக்கிட்டுக் காண வேண்டும். வரிசையைப் பற்றிய கணக்கு ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. டென்மார்க்கு நாட்டின் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிலையத்திற் பணியாற்றிய எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகள் வந்து சேரும் முறையைக் கணித்து 1909-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இக்கலைக்கு அது வித்தாயிற்று. 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் எளிய விதி ஒன்றை மெய்ப்பித்தார். காத்து நிற்போரின் தொகையானது, ஒரு மணியில் வந்து சேர்வோரின் தொகையை ஒருவர் காத்து நிற்கும் நேரத்தாற் பெருக்கக் கிடைப்பதாகும் என்பது அவ்விதி. மணிக்கு 1,200 பேர் வந்து சேர, ஒவ்வொருவரும் அரைமணி நிற்பரேல், எப்பொழுது எண்ணினும் அவ்வரிசையிற் சராசரியாக 600 பேர் இருப்பர்.

இனி, ஓர் ஊர்தி ஒரு மணியில் 1,200 பேரையே ஏற்றவல்லது எனக் கொள்க. வரிசையில் 600 பேர் நிற்கின்றனர். முன்பதிவு இல்லையேல் கடைசியில் நிற்பவர் அரைமணியில் ஏறிவிடுவார். அந்த 1,200 இருக்கைகளுள் 900 இருக்கைகளை முன்பதிவு செய்தோர்க்கென ஒதுக்கினால், நிற்போர்க்கு எஞ்சுவன 300 இருக்கைகளேயாம். அதே 600 பேரின் கடைசியில் நிற்பவர் இப்பொழுது இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அவர்முன் நிற்பவர் ஒருவரேனும் மிகவில்லை. ஆயினும் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்காயிற்று.

இக்கணக்கை ஒருபுறமாகவே நோக்குதல் தகாது. முன்பதிவு செய்த 900 பேரும், அம்முறை இல்லையாயின், அவ்வரிசையிலேயே நின்றிருப்பர். வரிசையும் அத்துணை நீண்டிருக்கும் என்று கூறுதலும் பொருந்துவதே. ஆயினும் இருதிறத்தாரும் மறுக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. முன்பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மணியில் ஏறுவோர் 1,200 பேரே. முன்பதிவு ஓர் இருக்கையையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் இருக்கைகளை யாருக்கு முன்னர்த் தருவது என்பதை மட்டுமே அது மாற்றுகின்றது. நூறு இலைகள் மட்டுமே இடத்தக்க பந்தியில் எழுபத்தைந்து இலைகளை முன்னமே சொல்லிவைத்தவர்க்கென ஒதுக்கினால், வாயிலில் நிற்பவர் இருபத்தைந்து இலைகளுக்கே காத்திருப்பர். சமையற்கட்டில் ஒருபிடி சோறும் இதனாற் கூடிவிடாது.

மற்றொரு விளைவும் உண்டு. விரைவுச் சீட்டைப் பெற்றவர் அந்நேரத்தில் வீணே அமர்ந்திருப்பதில்லை. அவர் வேறோர் ஊர்தியின் வரிசையிற் சென்று நிற்பார். இதனால் ஒருவரே ஒரே பொழுதில் இரண்டு வரிசைகளில் இடம்பெறுகின்றார். ஒன்றில் அவர் கால்கடுக்க நிற்கின்றார். மற்றொன்றிற் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கின்றார். முன்னர்க் கூட்டமின்றி எளிதில் ஏறத்தக்கனவாய் இருந்த சிறிய ஊர்திகளின் முன்னும் இக்காரணத்தால் வரிசைகள் நீளலாயின. வரிசையில் நில்லாதவர் கடைகளிலும் உணவகங்களிலும் பொருள் வாங்குவர். ஆதலின் பூங்காவினர்க்கும் இம்முறையால் ஆக்கம் உண்டு.

அவ்வாறாயின் இம்முறை தீயதோ எனின், அன்று. காத்திருத்தலின் துன்பம் கடிகாரத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. டேவிட் மெயிஸ்டர் என்னும் அறிஞர் 1985-ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதியுள்ளார். செயலின்றி நிற்கும் நேரம் செயலோடு கழியும் நேரத்தினும் நெடிதாய்த் தோன்றும் என்றும், எவ்வளவு நேரம் என்று அறியாது நிற்றல் அறிந்து நிற்றலினும் நெடிதாய்த் தோன்றும் என்றும், நேர்மையற்ற காத்திருப்பு நேர்மையான காத்திருப்பினும் நெடிதாய்த் தோன்றும் என்றும் அவர் விளக்கினார். விரைவுச் சீட்டு முதலிரண்டு துன்பங்களையும் பலர்க்குக் குறைத்தது. மூன்றாவது துன்பமோ, சீட்டு யாருக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைப் பொறுத்ததாகும். தனிவழியாற் பலர் விரைந்து செல்வதைக் கண்டும் நிற்பவர் மனம் புழுங்காதிருந்ததற்குக் காரணம், 'அத்தாளை யானும் பெற்றிருக்கலாம்' என்னும் எண்ணமேயாம்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் இம்முறை மாறத் தொடங்கியது. 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தாள் நீங்கிற்று. கணினியாலும் கைப்பேசியாலும் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யும் முறை வந்தது. ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று ஊர்திகளை முன்னரே குறித்துக்கொள்ளலாம். பூங்காவைச் சார்ந்த விடுதிகளிற் பணம் செலுத்தித் தங்குவோர் 60 நாள்களுக்கு முன்னரும், ஏனையோர் 30 நாள்களுக்கு முன்னரும் பதிவு செய்யலாம் என்று விதித்தனர். கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் இரண்டு புதிய வாயில்கள் வரிசைக்குக் குறுக்கே எழுந்துவிட்டன. விடுதிக்குப் பொருள் செலுத்தவல்லவர் ஒரு திங்கள் முந்தினர் என்பது ஒன்று. விதியை முன்னரே அறிந்தவர் அறியாதவரை முந்தினர் என்பது மற்றொன்று. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, வாழ்நாளில் ஒருமுறை தம் மக்களை அழைத்துக்கொண்டு வரும் ஓர் உழைப்பாளி, வாயிலிற் புகுந்த பின்னரே முன்பதிவு என ஒன்று உண்டு என்பதை அறியக்கூடும். அந்நாளைய இடங்கள் அவர் புறப்படுவதற்கு முன்னரே பிறரால் நிரப்பப்பட்டிருக்கும். அவர் விதியை மீறவில்லை, சோம்பியிருக்கவும் இல்லை, அறியாமை ஒன்றே அவரைப் பின்னுக்குத் தள்ளிற்று.

அறிந்தவர்களோ பல உத்திகளைக் கையாண்டனர். விடுதியில் தங்குவோர், தாம் வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்னர், தங்கும் நாள்கள் அனைத்திற்கும் ஒருங்கே பதிவு செய்யலாம். ஆதலின் ஆறு நாள் தங்குவோர், கிடைத்தற்கரிய ஊர்தியை ஐந்தாம் நாளுக்கோ ஆறாம் நாளுக்கோ குறித்தனர். அந்நாள்களுக்கு வேறு பலர் இன்னும் பதிவு செய்யத் தொடங்கியிரார் அன்றோ? ஒருமுறை கிடைக்காதவர், பிறர் விட்டுவிடும் இடங்கள் மீண்டும் தோன்றுங்கொல் என்று கைப்பேசியை ஓயாது நோக்கியிருந்தனர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திறக்கப்பெற்ற 'ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்' என்னும் ஊர்திக்குத் தொடக்கத்தில் நிற்கும் வரிசையே வைக்கப்படவில்லை. குறித்த நேரத்திற் கைப்பேசியைத் தொட்டு இடம் பெறல் வேண்டும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இடங்கள் சில நிமிடங்களிலும், பல நாள்களிற் சில நொடிகளிலுமே தீர்ந்துபோயின. கால்களின் வரிசை விரல்களின் போட்டியாக மாறிற்று.

இத்தகைய உத்திகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளுதல் வேண்டும். பூங்கா திறக்கும் முன்னரே வாயிலில் வந்து நின்று, கதவு திறந்ததும் பலர் விரும்பும் ஊர்தியை முதலில் நாடுதல் ஓர் உத்தி. இதிற் குற்றம் இல்லை. துயிலை விட்டு எழுந்தவன் தன் பொழுதையே விலையாகக் கொடுக்கின்றான். விரும்பும் எவரும் அதனைச் செய்யலாம். ஊர்வலக் காட்சியைக் காணப் பலரும் கூடியிருக்கும் பொழுதில் வரிசை குறைந்த ஊர்திக்குச் செல்லுதலும் அத்தகையதே. தனியாள் வரிசை என்பது இவற்றினும் சிறந்தது. நால்வர் அமரும் வண்டியில் மூவர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை வெறிதே செல்லும். தன் சுற்றத்தாரைப் பிரிந்து தனியே ஏற உடன்படுபவன் அவ்விருக்கையில் அமர்கின்றான். அவனால் எவருடைய இடமும் பறிபோவதில்லை. வீணாகும் ஒன்று பயனாகின்றது.

இவற்றுக்கு மாறானவையும் உள. ஒருவன் வரிசையில் நிற்க, அவனைச் சார்ந்த பதின்மர் பின்னர் வந்து அவனோடு சேர்ந்துகொள்ளுதல் தகாத செயல். பின்னிற்பவர் ஒருவரையே தம்முன் கண்டு நின்றனர். பதினொருவர் முந்துவதை அவர் ஒப்பவில்லை. வேண்டுங்கொல் வேண்டாங்கொல் என்று தெளியாமலே பல இடங்களைப் பதிந்து வைத்து, பயன்படுத்தாது விடுதலும் தவறே. அவ்விடம் கிடைக்கப்பெறாத சிறுவன் ஒருவன் எங்கோ ஏமாந்து நிற்கின்றான் என்பதை அவர் நினைப்பதில்லை. தமக்குத் தேவையில்லாத பதிவை உடனே நீக்கி, அது பிறர்க்குச் செல்லுமாறு விடுதலே பண்பு.

ஓர் உத்தி நேர்மையானதா என்பதை அறிய இரண்டு வினாக்கள் போதும். இச்செயலை வரிசையில் நிற்கும் அனைவரும் கேட்க வெளிப்படையாகச் சொல்ல இயலுமா என்பது முதல் வினா. அனைவரும் இவ்வாறே செய்யின் வரிசை நிலைக்குமா என்பது இரண்டாம் வினா. விடியற்காலையில் வந்து நிற்பவன் இரண்டிற்கும் 'ஆம்' என்பான். பதின்மரைச் செருகுபவன் இரண்டிற்கும் விடை கூறான்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனாப் பெருந்தொற்றினால் பூங்காக்கள் மூடப்பட்டன. அவை மீண்டும் திறந்தபோது கட்டணமில்லா விரைவுச் சீட்டு மீளவில்லை. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில், வால்ட் டிஸ்னி வேர்ல்டில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்னும் விலையில் புதிய முறை தொடங்கிற்று. விரைவு வழிக்கு 'லைட்னிங் லேன்', அஃதாவது மின்னல் வழி என்று பெயரிட்டனர். மிகச் சிறந்த சில ஊர்திகளுக்கு இதற்கு மேலும் தனி விலை வைத்தனர். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் முன்பதிவு சேர்க்கப்பட்டது. விடுதியில் தங்குவோர் 7 நாள் முன்னரும், ஏனையோர் 3 நாள் முன்னரும் விலை கொடுத்துப் பதியலாம் என்றனர். அவ்வாண்டு அக்டோபரில், நேரக் குறிப்பு ஏதுமின்றி மின்னல் வழிகளில் ஊர்திக்கு ஒருமுறை செல்லத்தக்க உயர்ந்த சீட்டு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. அதன் விலை, பூங்காவையும் நாளையும் பொறுத்து, ஒருவருக்கு 129 முதல் 449 டாலர் வரை என அப்போது குறித்தனர். இவ்வாறு, ஒருகாலத்தில் அனைவர்க்கும் பொதுவாய் இருந்த விரைவு, விற்பனைப் பொருளாயிற்று.

இதனை ஆதரிப்போர் கூறும் வாதங்களையும் செவிமடுத்தல் கடன். 'தொடர்வண்டியில் முதல் வகுப்பும் உண்டு. கடை வகுப்பும் உண்டு. மிகுதியாகக் கொடுப்பவர் மிகுதியான வசதி பெறுதல் உலக வழக்கு. ஒரே நாள் தங்கவல்ல குடும்பத்திற்குப் பொழுது பொன்னினும் அரிது. அவர்கள் பணம் கொடுத்துப் பொழுதைக் காத்துக்கொள்வதில் தவறு யாது?' என்பர். இவ்வாதத்திற் சிறிது உண்மை உண்டு. ஆயினும் தொடர்வண்டி உவமை முற்றும் பொருந்துவதன்று. முதல் வகுப்பில் மெத்தைமேல் அமர்ந்தவரும் கடை வகுப்பிற் பலகைமேல் அமர்ந்தவரும் ஒரே பொழுதில் ஊர் சேர்கின்றனர். அவரது மெத்தையால் இவரது பயணம் நீள்வதில்லை. வரிசையிலோ, ஒருவர் முந்துதல் என்பதே மற்றொருவர் பிந்துதலாம். முந்துவோர் செலுத்தும் பணம் பூங்காவினரைச் சேர்கின்றது. அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும் பொழுதோ நிற்பவருடையது. தன் பொருளை விற்பவன் வணிகன். பிறனது பொழுதை அவனைக் கேளாது விற்பது எவ்வாறு முறையாகும் என்னும் வினாவிற்கு ஆதரிப்போர் விடை கூறல் வேண்டும்.

பொருளுக்கும் பொதுமைக்கும் இடையே ஒரு நடுவழி காண முயன்றோரும் உளர். ஜப்பான் நாட்டில் 1983-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தோக்கியோ டிஸ்னிலாந்தில், 2022-ஆம் ஆண்டில் விலைச் சீட்டு வந்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டில், வேறு சில ஊர்திகளுக்குக் கட்டணமில்லா முன்னுரிமைச் சீட்டும் அதனோடு சேர்க்கப்பட்டது. அங்குச் சில காட்சிகளுக்கு இருக்கை வழங்குதலைக் குலுக்கல் முறைக்கே விட்டனர். குலுக்கலிற் செல்வன், வறியன், அறிந்தவன், அறியாதவன் என்னும் வேறுபாடு பெரும்பாலும் மறைகின்றது. ஆயினும் அதில் ஒரு குறையும் உண்டு. விடியற்காலையில் வந்து காத்த உழைப்பிற்கும் அங்கே மதிப்பில்லை.

வரிசையின் ஒழுங்கை மாற்றுவதெல்லாம் அநீதி என்று கருதிவிடலாகாது. மாற்றுவதே நீதியாகும் இடங்களும் உள. கைக்குழந்தையோடு வந்த தாய்தந்தையர், உயரம் போதாத அக்குழந்தையை ஊர்தியில் ஏற்ற இயலாது. தந்தை ஏறிவரும் வரையிற் குழந்தையோடு தங்கிய தாய், தானும் ஏறுதற்கு மறுமுறை நெடுவரிசையில் நிற்க வேண்டும் எனின் அது கொடுமை. ஆதலின் ஒருவர் இறங்கியதும் மற்றவர் நீண்ட காத்திருப்பின்றி ஏறலாம் என்னும் விதி அப்பூங்காக்களில் உண்டு. இதனைக் கண்டு எவரும் மனம் வருந்துவதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கும் இவ்வாறே தனிவழி ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதனைச் செல்வர் சிலர் தவறாகப் பயன்படுத்தினர் என்றும், மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தம்மோடு அழைத்துச் சென்று வரிசையைக் கடந்தனர் என்றும் 2013-ஆம் ஆண்டிற் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் விதி மாற்றப்பட்டது. மாற்றுத்திறனாளி ஒருவர் ஊர்தியை அணுகினால், அப்பொழுதுள்ள வரிசைக்கு ஈடான நேரம் கழித்து வருமாறு குறித்துக் கொடுத்தனர். அந்நேரத்தை அவர் நிழலில் அமர்ந்து கழிக்கலாம் என்பது அப்போதைய புதிய முறை. நிற்க இயலாமை என்னும் தேவையை இது மதித்தது. முந்துதல் என்னும் ஆசைக்கு இடம் தரவில்லை. ஆயினும் முன்னைய விதியால் உண்மையாகவே பயன்பெற்று வந்தோர் சிலர்க்கு இம்மாற்றம் துன்பமாய் முடிந்தது. பொய்யர் செய்த பிழைக்கு மெய்யாகவே தேவையுடையோர் விலை கொடுத்தனர். சலுகையைக் களவாடுவோர் வரிசையை மட்டும் குலைப்பதில்லை. இரக்கத்தின் வாயிலையும் அடைத்துவிடுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால், ஓர் இடத்தைப் பங்கிடுதற்குப் பொழுது, அறிவு, பொருள், தேவை என நான்கு அளவுகோல்கள் உள்ளமை புலனாகும். பொழுது யாவர்க்கும் ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணியே. ஆதலின் அது பெரும்பாலும் பொதுவான கோல். அறிவு முயன்றால் எய்தத்தக்கது. ஆயினும் விதியை வெளிப்பட எழுதி வைத்தாலன்றி அது சிலர்க்கே உரியதாகிவிடும். பொருள் பிறப்பாலும் வாய்ப்பாலும் பெரிதும் வேறுபடுவது. அதனை ஒன்றையே கோலாகக் கொள்ளின் வரிசை என்னும் சொல்லே பொருளற்றதாகும். தேவை இரக்கத்தைச் சார்ந்தது. அதனைக் காப்பதற்கு வாய்மை துணைநிற்றல் வேண்டும்.

ஆதலின் முன்பதிவை அமைப்போர் சில நெறிகளைப் போற்றுதல் நன்று. நிற்போர்க்கெனப் போதிய பங்கு இருக்கைகளை ஒதுக்கி, அவ்வளவை அனைவரும் அறியச் செய்தல் வேண்டும். பதிவு தொடங்கும் நேரம் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். முதன்முறையாக வருபவரும் எளிதில் அறியுமாறு விதி விளக்கப்படல் வேண்டும். ஒருவரே பல இடங்களைக் குவித்தல் கூடாது. பயன்படாத இடம் உடனே நிற்போரைச் சென்றடைதல் வேண்டும். இவற்றுள் எதுவும் செயற்கரியதன்று. 1999-ஆம் ஆண்டின் எளிய தாள்முறையிலேயே, நுழைந்தவர் எவர்க்கும் ஒத்த வாய்ப்பு, குவித்தலைத் தடுக்கும் விதி ஆகிய இரண்டும் அமைந்திருந்தன.

கேளிக்கைப் பூங்காவின் வரிசை சிறிய செய்தியே. அங்கு ஏற இயலாமற் போனவர்க்குப் பசியோ பிணியோ நேர்வதில்லை. எனினும் மருத்துவமனையிலும், தொடர்வண்டி நிலையத்திலும், கல்லூரி வாயிலிலும் நிற்கும் வரிசைகளுக்கும் இதே வினாக்கள் உரியனவாம். விளையாட்டிற்காக நிற்குமிடத்தில் நேர்மையைக் கற்றவனே, வாழ்விற்காக நிற்குமிடத்தில் அதனைக் கடைப்பிடிப்பான். தனக்கு முன்னிற்பவனை முந்த வழியுண்டா என்று ஆராய்வது அறிவின் கூர்மை. அவ்வழியாற் பின்னிற்பவன் இழப்பது யாது என்று ஒருமுறை திரும்பி நோக்குதலே நடுவுநிலைமையாகும்.

பயிற்சி

1. டிஸ்னிலாந்தின் சீட்டுப் புத்தக முறை நீங்கிய பின்னர் ஊர்திக்குரிய விலையாக அமைந்தது யாது?
2. ஓர் ஊர்தி மணிக்கு 1,000 பேரை ஏற்றும். அதில் 800 இருக்கைகள் முன்பதிவுக்கு ஒதுக்கப்பட்டன. நிற்போர் 300 பேராயின், கடைசியில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?
3. தனியாள் வரிசையால் எவர்க்கும் இழப்பில்லை என்பதை விளக்குக.
4. தொடர்வண்டி வகுப்புகளின் உவமை விலைச் சீட்டுக்குப் பொருந்தாமை எவ்வாறு?
5. வரிசையின் ஒழுங்கை மாற்றுதலும் நீதியாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.